மொழிக்கொரு வீடு, இருவழிப் பாதை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், செமிலிங்கிலிருந்து மெர்போக் நோக்கிப் போகும் சாலையோரத்தில் சுங்கை பத்து தொல்லியல் களம் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் அங்கே தோண்டத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறையும் செங்கல் கட்டுமானங்களும் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. மேலும் கொஞ்சம் போனால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம். 1980இல் திறக்கப்பட்டது. வடக்கே ஜெராய் மலை, தெற்கே மெர்போக் ஆற்றின் கழிமுகம். நடுவில் செம்பனை, மிச்சமிருக்கும் பால்மரக்காடுகள், தோட்டங்கள் உடைந்து எழுந்த தாமான் எனப்படும் குடியிருப்புகள்.

பூஜாங் பள்ளத்தாக்கு என்ற இந்த ஒரே நிலத்துக்கு மூன்று மொழிகளில் மூன்று வரலாறுகள் வழங்குகின்றன. மலாயில் இது பழைய கெடா. சுல்தான்களுக்கும் முந்திய, இரும்பு உருக்கிக் கடல் கடந்து விற்ற மண்ணின் மைந்தர்களுடைய நாகரிகம். தமிழில் இது கடாரம். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு, வணிகக் குழுக்கள், சிவலிங்கங்கள், சண்டி எனப்படும் கோயில் அடித்தளங்கள். ஆங்கிலத்தில் இது ஆய்வறிக்கைகளின் பள்ளத்தாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ, 1930களில் குவாரிச் வேல்ஸ், 1959–60இல் புக்கிட் பத்து பகாட் கோயிலை ஆராய்ந்த அலஸ்டர் லாம்ப் என்று போகும் வரிசை அது. அங்கே கோயில்களுக்குப் பெயரைவிட எண்களே முக்கியம். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு கேள்வியோடு அந்த மண்ணின் முன் போய் நிற்கிறது.

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஓர் இணையத்தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே தளத்துக்குள் மூன்று மொழிகளையும் வைப்பதா, மொழிக்கொரு தளமாகப் பிரித்து அவற்றை இணைப்பதா? தொழில்நுட்பர்கள் இதைச் செலவுக் கணக்காகப் பார்ப்பார்கள். எத்தனை வழங்கி, எத்தனை ஆள்களப் பெயர், யார் பராமரிப்பது என்று கேட்பார்கள். எனக்கு இது மொழிகள் அக்கம்பக்கத்தில் எப்படி வாழ்வது என்ற கேள்வியாகவே தெரிகிறது. கெடாவின் தோட்டங்களிலும் பள்ளிகளிலும் இலக்கியத்திலும் நாம் நூறாண்டாகச் சந்தித்துவரும் கேள்வி இது.

*

இணையத்தில் தமிழ் ஏறிய வரலாறே பலமொழித் தளமொன்றில்தான் தொடங்குகிறது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான தளம் ஒன்று அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் வெளியானது. அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். அதில் தமிழ்க் கவிதைகளைத் திரையில் தமிழ் எழுத்திலேயே தெரியவைத்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ அவருக்குத் துணைநின்றார். இங்கே மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலிருந்தே முரசு அஞ்சல் மென்பொருள் வழியாகக் கணினியில் தமிழ் எழுத வழி செய்துகொண்டிருந்தார். எழுத்துரு ஆளுக்கொன்று, விசைப்பலகை ஆளுக்கொன்று என்றிருந்த காலம். ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் வலுவுள்ள மொழிகளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்ததுதான் தமிழுக்கு வழங்கியும் பொறியாளர்களும் அரசின் கவனமும் கிடைக்க வழிசெய்தது. அந்தக் கூரைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் பலமொழித் தளம் ஏதோ ஒரு மொழியில்தான் முதலில் வார்க்கப்படுகிறது. பட்டியல்களின் வரிசை, தலைப்புகளின் நீளம், எந்தப் பொருளுக்குத் தனிப்பக்கம் உண்டு, எதற்கு இல்லை என்பதெல்லாம் அந்த முதல்மொழியில் தீர்மானமாகிவிடுகின்றன. மற்ற மொழிகள் அந்த அச்சுக்குள் வந்து உட்கார வேண்டும். தமிழாக்கம் தயாராகாத இடத்தில் ஆங்கில வரி தானாக வந்து நிற்கும். வாசகர் தமிழ்ப் பக்கம் என்று நம்பித் திறப்பார். மேலே இரண்டு தமிழ்த் தலைப்புகளும் கீழே முழுக்க ஆங்கிலமும் இருக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு எழுதுகிறவருக்கு நேர்கிறது. அப்படிப்பட்ட தளத்தில் தமிழில் எழுதுகிறவர் மெல்ல மெல்ல மொழிபெயர்ப்பாளராக மட்டுமே ஆகிவிடுகிறார். ஆங்கிலப் பக்கம் வந்தால்தான் அவருக்கு வேலை. ஆங்கிலத்தில் இல்லாத பொருளைத் தமிழில் எழுத நினைத்தால் அதற்கு இடமே ஒதுக்கப்பட்டிருக்காது. கடாரத்துத் தமிழ்ச் சான்றுகளைப் பற்றியோ, செமிலிங் வட்டாரத் தோட்டக் கோயில்களைப் பற்றியோ ஒருவர் எழுத முன்வந்தால், இதற்கு இணையான மூலப்பக்கம் எங்கே என்று தளத்தின் அமைப்பு கேட்கும். முதலில் பேசும் உரிமை தமிழுக்கு அங்கே இல்லை. எப்போதும் பதில் சொல்லும் இடத்திலேயே அது இருக்கிறது.

*

உலகம் அறிந்த ஒரு பலமொழித் தளம் தன்னைத் தானே பிரித்துக்கொண்ட கதை இதற்கு நல்ல சான்று. மூலநூல்களைச் சேமிக்கும் விக்கிமூலம் 2003 நவம்பரில் தொடங்கியபோது எல்லா மொழிகளுக்கும் ஒரே தளம்தான். விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டிலேயே மொழிவாரியாகப் பிரியத் தொடங்கியிருந்தது. ஆனாலும் மூலநூல்களுக்குத் தனித்தனித் தளங்கள் எதற்கு, நூலகம் ஒன்றாக இருப்பதுதானே அழகு என்று பலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் ஒரு கனவு இருந்தது. உலகின் எல்லா எழுத்தும் ஒரே அலமாரியில் இருக்கும் என்ற கனவு.

முதலில் வெளியேறியது எபிரேயம். 2004 ஆகஸ்டில் அதற்குத் தனித்தளம் அமைந்தது. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. இடமிருந்து வலமாக ஓடும் எழுத்துகளுக்கென அமைந்த பக்கத்தில் அதன் ஒவ்வொரு வரியும் போராடிக்கொண்டிருந்தது. பிரியவேண்டிய தேவையை முதலில் உணர்த்தியது எழுத்தின் இந்த உடற்கூறுதான். மற்றவர்கள் அடுத்த ஆண்டு வந்தார்கள். 2005 மே மாதம் வாக்கெடுப்பு நடந்து பிரிப்பதென்று முடிவானது. ஆகஸ்டில் முதல் தொகுதி மொழிகளுக்குத் தனி முகவரிகள் கிடைத்தன. பழைய பலமொழித் தளத்தை அவர்கள் மூடிவிடவில்லை. தனியே நிற்கும் அளவுக்கு ஆள்பலம் இன்னும் சேராத மொழிகள் தங்கி வளர்வதற்கு அதைத் திறந்தே வைத்தார்கள். பிரிவினைகளில் இப்படிப்பட்ட கனிவு அரிது.

தனித்தளம் கிடைத்ததால் மொழிக்கு வந்த முதல் மாற்றம் பேச்சில் தெரிந்தது. பொதுத்தளத்தின் உரையாடல் பக்கத்துக்கு ஸ்கிரிப்டோரியம் என்று பெயர். பங்களிப்பாளர்களின் பேச்சு அங்கே பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் விக்கிமூலத்திலும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் அந்த இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயரிட்டார்கள். பெயர் அழகாயிருப்பது ஒருபுறம் இருக்கட்டும். நூலை எப்படிப் பிரிப்பது, பிழையை யார் திருத்துவது, விதியை எப்போது தளர்த்துவது என்ற ஆட்சிப்பேச்சு முழுவதும் தமிழில் நடக்கத் தொடங்கியது. ஒரு மொழி படைப்புக்கு மட்டும் பயன்பட்டு, நிர்வாகத்துக்கு இன்னொரு மொழியை நம்பியிருந்தால் அது பாதிதான் வளரும்.

அடுத்தது பொருள். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடி வைத்திருந்தது. அவற்றுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. பதிப்புரிமையை அரசே வாங்கி நூலைப் பொதுச்சொத்தாக்கும் இந்த ஏற்பாடு பெரிதும் தமிழ்ச்சூழலுக்கு உரியது. வேறொரு மொழியின் அச்சில் வார்த்த தளத்தில் இதற்கான இடத்தை யாரும் முன்கூட்டி நினைத்திருக்க மாட்டார்கள். தமிழுக்கென்று தளம் இருந்தது. தமிழில் முடிவெடுக்க ஆட்கள் இருந்தார்கள். அதனால் நூல்கள் வந்தன.

தமிழ் விக்கிப்பீடியாவும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 2003இல் ஏறத்தாழ வெறுந்தளமாகக் கிடந்ததை எடுத்து, இடைமுகத்தைத் தமிழாக்கி, நாள்தோறும் கட்டுரை எழுதி வளர்த்தவர் இலங்கையரான இ. மயூரநாதன். 2017 மே மாதத்தில் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. தனிவீடு கிடைப்பது ஒரு நாள் வேலை. அதில் விளக்கேற்றி வைத்திருக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

*

ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் பேச்சு வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். கடாரத்தோடு நேரடித் தொடர்புள்ள சான்றே இருக்கிறது. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எழுப்பத் தொடங்கிய பௌத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக வழங்கினான். அதைச் சொல்லும் பெரிய லைடன் செப்பேட்டில் 21 ஏடுகள் உள்ளன. 5 ஏடுகள் வடமொழி, 16 ஏடுகள் தமிழ். வடமொழிப் பகுதி சோழர் குலவரிசையையும் புகழையும் பாடுகிறது. தமிழ்ப் பகுதி ஊரின் எல்லைகளையும் வரிகளையும் அதிகாரிகளின் பொறுப்புகளையும் விரிக்கிறது. எந்தச் செய்தியை எந்த மொழியில், யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த 21 ஏடுகளையும் ஒரே வளையம் கோத்து நிற்கிறது. வளையத்தில் சோழ முத்திரை இருக்கிறது. மொழிகள் தனித்தனி ஏடுகளில் இருந்தாலும் ஆவணம் ஒன்றே என்பதற்கு அந்த வளையமே சாட்சி.

இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சீனக் கடலோடி செங் ஹே வழியாக வந்த அக்கல் 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்குச் செலுத்துகிறது. பாரசீகப் பகுதி இசுலாமிய மரபில் இறைவனைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன, வணங்கும் முகம் மட்டும் மாறுகிறது. ஒரு பேரரசு தன் வாசகத்தை மூன்று மொழிகளில் பெயர்த்து ஒட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் மூன்று மக்களையும் அவரவர் தெய்வத்தின் பெயரால் விளித்திருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் தளத்தை மொழிவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கல் இருக்கிறது.

*

பிரிப்பதில் ஆபத்தும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவுக்கு நேர்ந்ததை 2020இல் உலகமே பார்த்தது. அந்த மொழி தெரியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் ஆங்கிலச் சொற்களைச் சற்றே திரித்துப் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதிக் குவித்திருந்தார். தீய நோக்கம் எதுவும் அவருக்கு இல்லை. வீடு தனியாக இருந்தது, காவலுக்கு ஆளில்லை. மொழியை அறிந்தவர்கள் அங்கே நடமாடவில்லை. குரோவாசிய விக்கிப்பீடியாவிலோ ஒரு சிறு குழு நிர்வாகத்தைக் கைப்பற்றித் தன் அரசியலுக்கேற்ப வரலாற்றைத் திரித்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மொழி தெரியாததால் நெடுநாள் யாரும் தட்டிக்கேட்கவில்லை. பொதுக்கூரையில் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கும். தனிவீட்டில் அது போய்விடுகிறது.

இன்னொரு சேதமும் உண்டு. தளம் இடம்மாறும்போது முகவரிகள் மாறுகின்றன. பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும் வழிமாற்றை ஒவ்வொரு பக்கத்துக்கும் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் பிறர் கொடுத்திருந்த இணைப்புகள் ஒரே இரவில் செத்துப்போகின்றன. அதிகம் படிக்கப்படும் ஆங்கிலப் பக்கங்களுக்கு அக்கறையோடு வழிமாற்று வைப்பார்கள். குறைவாகப் படிக்கப்படும் தமிழ்ப் பக்கங்களைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, வீடுகளுக்கு நடுவே பாதை இல்லாமல் போவது. விக்கிப்பீடியா இதற்காகப் பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டது. ஒரே பொருள் குறித்த பக்கம் 10 மொழிகளில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் மற்ற ஒன்பதையும் சுட்ட வேண்டும். மொத்தம் 90 இணைப்புகள். 100 மொழிகள் என்றால் 9,900. ஒரு மொழியில் தலைப்பு மாறினால் எல்லா இடத்திலும் திருத்த வேண்டும். இதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் ஓடின. 2012 அக்டோபரில் விக்கித்தரவு தொடங்கியது. பொருளுக்கு ஒரு பொது எண்ணைக் கொடுத்து, எல்லா மொழிகளும் அந்த எண்ணோடு ஒரே ஒரு முறை தங்களை இணைத்துக்கொண்டால் போதும் என்றாக்கினார்கள். 2013 மார்ச்சில் எல்லா விக்கிப்பீடியாக்களும் இதற்குள் வந்தன. 9,900 இணைப்புகள் 100 ஆகச் சுருங்கின.

எண்ணிக்கை குறைந்ததைவிட முக்கியமான ஒன்று இதில் நடந்தது. அதற்கு முன்பு தமிழ்ப் பக்கம் எழுதியவர் தவறாமல் ஆங்கிலப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பார். ஆங்கிலப் பக்கத்தில் தமிழுக்கான இணைப்பு சேர்கிறதா என்பது வேறு யாருடைய கவனத்தையோ நம்பியிருந்தது. விக்கித்தரவில் தமிழ்ப் பக்கம் இணைந்த கணமே உலகின் எல்லா மொழிப் பக்கங்களின் ஓரத்திலும் தமிழ் என்ற சொல் தோன்றுகிறது. பாதை இருவழியாகிறது. கூகுள் 2011இல் அறிமுகப்படுத்திய மொழிக்குறிப்பு முறையிலும் இதே நீதி இருக்கிறது. ஒரு தளத்தின் தமிழ்ப் பக்கம் மலாய்ப் பக்கத்தைத் தன் இணை என்று அறிவித்தால் மட்டும் போதாது. மலாய்ப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைத் தன் இணை என்று அறிவிக்க வேண்டும். திரும்பி வரும் இணைப்பு இல்லாவிட்டால் தேடுபொறி அந்த அறிவிப்பைக் கணக்கில் எடுக்காது. ஒருதலையான உறவை உறவாக ஏற்பதில்லை என்பது அங்கே தொழில்நுட்ப விதி.

*

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊரைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

மலேசியாவில் தொடக்கக் கல்வி மொழிவாரியாகப் பிரிந்தே இருக்கிறது. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்று மூன்று வீடுகள். தமிழ்ப்பள்ளி என்ற வீடு நமக்குக் கிடைத்த பெரும் பேறு. தோட்டத்து லயங்களில் தொடங்கிய அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் இன்று இந்தக் கட்டுரையை எழுதவும் படிக்கவும் ஆளிருக்காது. அந்த வீட்டிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகப் புகுமுக வகுப்பு என்றொரு பாதை வைத்தார்கள். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி காட்டாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டு கூடுதலாகப் படித்து மலாய்வழிக் கல்விக்குத் தயாராக வேண்டும். பாதை இருப்பது நல்லதுதான். ஆனால் அதில் நடப்பவர்கள் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மட்டுமே. மறுபக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு அதைப் போன்ற ஏற்பாடு எதையும் யாரும் செய்யவில்லை. சின்ன மொழியின் பிள்ளைதான் பாலத்தைத் தன் வயதால் கட்டுகிறது.

இலக்கியத்திலும் இதுதான் நிலை. செமிலிங்கை அடுத்த பீடோங்கில் 1942இல் பிறந்தவர் கே. எஸ். மணியம். தோட்டத் தமிழர் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதினார். அவருடைய முதல் நாவல் 1981இல் வந்தது. அதே 1981இல்தான் மலேசிய அரசு நாட்டின் மிக உயர்ந்த இலக்கிய விருதைத் தொடங்கி, முதலாவதாக கெரிஸ் மாஸுக்கு வழங்கியது. மலாயில் எழுதப்படுவது தேசிய இலக்கியம், ஏனைய மொழிகளில் எழுதப்படுவது அந்தந்தப் பிரிவின் இலக்கியம் என்ற வகைப்பாட்டில் மணியத்துக்கு அந்த விருதின் வாசல் திறக்கவே இல்லை. 2020இல் அவர் மறைந்தார். தோட்ட வாழ்வைத் தமிழில் மண்புழுக்கள் நாவலாக எழுதிய கெடா எழுத்தாளர் சீ. முத்துசாமிக்கு 2017இல் விஷ்ணுபுரம் விருது தமிழ்நாட்டிலிருந்து வந்தது. இருவரும் ஏறத்தாழ ஒரே மண்ணை எழுதியவர்கள். ஆனால் ஒருவரை ஆங்கில வாசகர்கள் அறிவார்கள், மற்றவரைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். இருவரையும் சேர்த்துப் படித்த மலாய் வாசகரைக் காண்பது கடினம். வீடுகள் இருக்கின்றன, அவற்றில் விளக்கும் எரிகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் பொதுப்பாதைதான் இல்லை.

இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. தளங்கள் ஒருமொழித் தளங்களாகலாம். செமிலிங்கின் மனிதர் ஒருமொழியர் அல்லர். இங்குள்ள ஒரு தமிழ் இளைஞர் வீட்டில் தமிழ் பேசுகிறார், அரசு அலுவலகத்தில் மலாய், செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக வகுப்பில் ஆங்கிலம். ஒரே நாளில் மூன்று வீடுகளுக்கும் போய்வருகிறவர் அவர். சுங்கை பத்து உலைகளைப் பற்றி மலாயிலும், ஆனைமங்கலக் கொடையைப் பற்றித் தமிழிலும், லாம்பின் அகழாய்வைப் பற்றி ஆங்கிலத்திலும் படிக்கத் தகுதி பெற்றவர். மொழிவாரித் தளங்களுக்குள் பாதை இல்லாவிட்டால் முதலில் துண்டாகிறவர் அவர்தான்.

2013ஆம் ஆண்டின் இறுதியில் இப்பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டிருந்தது தெரியவந்து நாடெங்கும் அதிர்ச்சி எழுந்தது. ஆங்கில அறிக்கைகளில் எண்ணாகவும் தமிழ் நினைவில் கடாரமாகவும் மலாய் வரலாற்றில் பழைய கெடாவாகவும் இருந்த ஒரே செங்கல் மேடு அது. இடித்த பிறகு மூன்று மொழிகளிலும் வருந்தினோம். அந்த மேட்டைக் குறித்த மூன்று அறிவுகளும் இடிப்பதற்கு முன்பே ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே பிரிப்போம். பூஜாங் பள்ளத்தாக்குக்கு, தோட்ட வரலாற்றுக்கு, நம் எழுத்தாளர்களுக்குத் தமிழில் தனித்தளம் அமைப்போம். அங்கே தமிழ் முதலில் பேசட்டும், தானே முடிவெடுக்கட்டும். ஆனால் இரண்டு கடமைகளை அமைக்கும் நாளிலேயே ஏற்போம். முதலாவது, ஆளில்லாமல் வீடு கட்டக்கூடாது. எழுதவும் திருத்தவும் ஐந்து பேராவது பல ஆண்டுகளுக்கு உறுதி சொல்லாத வரை பொதுக்கூரையிலேயே இருப்பது நல்லது. இரண்டாவது, தமிழ்ப் பக்கம் ஒன்றை எழுதி முடித்தவர் அதே பொருளுக்கான மலாய்ப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வரும் வழியையும் திறந்துவிட்டே எழ வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் தளம் நடத்துகிறவர்களிடம் அதை உதவியாகக் கேட்க வேண்டியதில்லை. ஒரே நிலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டிய கடமை அது. அவர்கள் செய்யும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.